கண்ணில்லாத ஜந்து

1979-ல் வந்த ‘ஏலியன்’ படத்து ஜந்துவுக்குக் கண்ணே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? வடிவமைத்த ஸ்விஸ் ஓவியர் கீகர் வேண்டுமென்றேதான் கண் வைக்கவில்லை. அது யாரைப் பார்க்கிறது என்று தெரியாதல்லவா? தியேட்டரில் அத்தனை பேருக்கும் வயிற்றைக் கலக்கும்.

பி.காம். படித்தவன் சொல்கிறேன், பயமுறுத்தக் கழித்தல் தெரிந்தால் போதும். ஓவியக் கல்லூரியில் படிக்கும் அக்கா மகனுக்கு இது எங்கே புரிகிறது! இதுவரை யாரும் வரையாத விகார ஜந்து வேண்டும் என்று ப்ராஜெக்டாம். பத்துக் கை, நாலு வாய், வாய்க்கு வாய் ரத்தம்.

“பயமா இருக்கா மாமா?”

“மூணாவது பந்திக்கு இடம் பிடிக்கிற கூட்டம் மாதிரி இருக்குடா.”

1954-ல் ஜப்பானில் காட்ஜில்லா எடுத்தபோது, அதன் சொரசொரத் தோலை அணுகுண்டில் பிழைத்தவர்களின் தழும்பைப் பார்த்துத்தான் அமைத்தார்கள். குண்டு விழுந்து ஒன்பதே வருஷம். அந்த ஊர் ஜனங்களுக்கு அது வெறும் பல்லியாகவா தெரிந்திருக்கும்?

“உனக்கு நிஜமா எதைப் பார்த்துடா பயம்?” என்றேன்.

யோசித்தான். “ஆஸ்பத்திரியில தாத்தா மூச்சு வாங்கிட்டுப் படுத்திருந்தாரே... அது.”

அவன் தாத்தா என்றால் என் அப்பா. வாயில்லாமல், விலா மட்டும் விம்முகிற ஒன்றைப் பென்சிலில் வரைய ஆரம்பித்தான். காபி போடுகிறேன் பேர்வழி என்று நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.