சமூகப்பணிப் படிப்பு நமக்கு ஆகாததா?

“தருமம் செய்வதற்கும் ஒரு பட்டமா?” என்னும் கேள்வி நம் காரைக்கால் பகுதியில் அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழுகிறது. பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்திலும் விழுகிறது. திருமண வீடுகளில் சஹனைச் சுற்றி அமர்ந்திருக்கும்போதும் விழுகிறது. மகனை மருத்துவத்திற்கு அனுப்பினேன் என்று ஒருவர் சொன்னால் மாஷா அல்லாஹ் என்கிறோம். கணிப்பொறி படிக்க அனுப்பினேன் என்றால் எந்த நாட்டில் வேலை என்று விசாரிக்கிறோம். சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பயில அனுப்பப் போகிறேன் என்றால் மட்டும் அந்தத் தகப்பனாரை இரக்கத்தோடு பார்க்கிறோம்.

இவ்வாறு கேட்போர் ஈகையற்றவர்கள் அல்லர். ரமலானில் கை சிவக்கக் கொடுப்பவர்கள். ஆகவேதான் அவர்களுக்கு விடையிறுக்க வேண்டியிருக்கிறது. கொடாதவரோடு எனக்கு இங்கே வழக்கில்லை. கொடுப்பதற்கு மனம் போதும், அறிவு வேண்டியதில்லை என்று கருதும் நல்லவரோடுதான் வழக்கு. அக்கருத்து காலத்திற்கு ஒவ்வாதது என்று மட்டும் நான் கூறவில்லை. நம் மார்க்கச் சட்ட நூல்களுக்கே ஒவ்வாதது என்று கூறுகிறேன்.

முதலில் அப்படிப்பு யாதென அறிந்துகொள்வோம். எம்.எஸ்.டபிள்யூ. என்பது ஈராண்டுப் படிப்பு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் எந்தப் பாடத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றிருந்தாலும் சேரலாம். அரபு இலக்கியம் பயின்றவருக்கும் தடையில்லை. தனி மனிதர் ஒருவரின் இடரை அவரோடு அமர்ந்து ஆராய்தல், ஒத்த துன்பமுடையோரை ஒரு குழுவாகக் கூட்டித் தேற்றுதல், ஓர் ஊரை அதன் தேவைக்காக ஒன்றுதிரட்டுதல், நல நிறுவனங்களை நிருவகித்தல், ஆய்வு செய்தல் ஆகியவை அதன் பாடங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் மாணவரை வகுப்பில் உட்கார விடமாட்டார்கள். மருத்துவமனைக்கோ, சிறார் இல்லத்திற்கோ, மீனவர் குப்பத்திற்கோ அனுப்பி, கண்டதை எழுதி வரச் செய்து, எழுதியதை ஆசிரியர் திருத்துவார். எங்கள் மதரஸாக்களில் மாணவர் கிதாபை வாசித்துக் காட்ட, உஸ்தாது பிழை திருத்துவது போன்றதே இது. கிதாபு இருந்த இடத்தில் இங்கே ஒரு குடும்பம் இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

“ஹலரத் உமர் (ரலி) அவர்கள் எந்தக் கல்லூரியில் படித்தார்கள்?” என்று உடனே கேட்பார்கள். இரவில் நகர்வலம் சென்றபோது, பசித்த குழந்தைகளை ஏமாற்றுவதற்காக வெறும் நீரை அடுப்பேற்றி வைத்திருந்த தாயைக் கண்டு, மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து வந்தார்களே, அதற்கு என்ன பட்டம் இருந்தது என்பார்கள். அந்த வரலாற்றை நாம் மூட்டையோடு நிறுத்திக்கொள்கிறோம். மூட்டைக்கு முன் அவர்கள் அக்குடும்பத்தைத் தேடிச் சென்றார்கள். ஏன் அழுகிறார்கள் என்று விசாரித்தார்கள். தம்மைப் பற்றியே அந்தத் தாய் கூறிய குறையை மறுபேச்சின்றிக் கேட்டுக்கொண்டார்கள். மூட்டைக்குப் பின், தாமே அடுப்பை ஊதிச் சமைத்துக் கொடுத்து, குழந்தைகள் உண்டு மகிழ்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே அகன்றார்கள். மற்றோர் இரவில் ஓயாது அழுத ஒரு பாலகனின் தாயிடம் காரணம் கேட்டபோது, பால் மறந்த குழந்தைக்கே அரசு உதவித்தொகை கிடைக்கும் என்பதால் அவள் அவசரமாகப் பால் மறக்கச் செய்கிறாள் என்று தெரிந்தது. மறுநாளே விதியை மாற்றி, பிறந்த நாள் முதற்கொண்டு தொகை வழங்க ஆணையிட்டார்கள். ஒரு வீட்டின் அழுகையிலிருந்து ஒரு நாட்டின் சட்டம் வரை சென்ற அந்த வழியைத்தான் சமூகப்பணி வகுப்பில் ஈராண்டு கற்பிக்கிறார்கள். உமர் (ரலி) அவர்களுக்குக் கல்லூரி தேவைப்படவில்லை என்றால், நமக்கும் தேவையில்லை என்று ஆகிவிடுமா? நாம் யார், அவர்கள் யார்!

“சேவைக்குச் சம்பளமா?” என்பது அடுத்த கேள்வி. ஜகாத் பெறுவோர் எட்டு வகையினரைத் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் வரிசைப்படுத்தும்போது, ஏழைகளையும் வறியவர்களையும் அடுத்து மூன்றாவதாக வைப்பது அப்பணியில் உழைக்கும் ஆமில்களை. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த நம் கடற்கரை ஊர் ஆலிம்களுக்குப் பழகிய நூல். அதில் ஆமில் என்பார் யாரெனப் பிரிக்கப்பட்டிருக்கிறது: வசூலிப்பவர், எழுதுபவர், பங்கிடுபவர், செல்வமுடையோரைக் கூட்டிவருபவர். காழியும் ஆளுநரும் அப்பங்கில் சேரார் என்றும் அங்கேயே கூறப்பட்டிருக்கிறது. இன்னும் கவனியுங்கள்: வசூலிக்கச் செல்பவர் நேர்மையாளராக இருந்தால் மட்டும் போதாது, ஜகாத்தின் பிரிவுகளில் சட்ட அறிவு பெற்றவராகவும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஊதியமும் உண்டு, கல்வித் தகுதியும் உண்டு! நம் முன்னோர் எழுதி வைத்ததைத்தான் இன்று பல்கலைக்கழகம் சொல்லும்போது புதுமை என்று ஒதுக்குகிறோம். ஆட்சியாளரால் நியமிக்கப்படாத இக்காலப் பணியாளருக்கு ஜகாத்திலிருந்தே ஊதியம் தரலாமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் நான் புகவில்லை. ஸதகாவும் வக்ஃபு வருமானமும் இருக்கின்றன.

இரண்டாம் அத்தியாயத்தில் இன்னொரு குறிப்பு உண்டு. கேளாமல் அடக்கத்தோடு இருக்கும் ஏழைகளை, அறியாதவன் செல்வர் என்று எண்ணிவிடுவான். அவர்களை அவர்களுடைய அடையாளத்தால் அறிந்துகொள்ளலாம் என்பது அதன் கருத்து. அறியாதவன் என்னும் சொல்லை நான் மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்ப்பதுண்டு. ரமலான் கடைசிப் பத்தில் நம் தெருக்களில் நிற்கும் வரிசைகளைப் பாருங்கள். வரிசையில் நிற்கத் துணிந்தவளுக்கு ஐந்து வீடுகளில் ஐந்து சேலைகள் கிடைக்கின்றன. துணியாதவள், கணவன் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புவதை நிறுத்தி எட்டு மாதம் ஆனதை அடுத்த வீட்டுக்கும் சொல்லாதவள், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாள். அவளுடைய அடையாளத்தைப் படிக்கத் தெரிந்தவர் நம் மஹல்லாவில் யார்?

அவள் சொல்வதானாலும் யாரிடம் சொல்வாள்? நிர்வாகி ஒருவரிடம் லுஹருக்குச் சொன்னது அஸருக்குள் தேநீர்க் கடைக்கு வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று அங்கே குடியேறிய நம் ஊர்க் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். ‘அஸிஸ்தாந்த் சொசியால்’ என்னும் பெண்மணியை அவர்கள் அறிவார்கள். பிரான்சில் 1932-ஆம் ஆண்டிலேயே இப்பணிக்கு அரசுச் சான்றிதழ் ஏற்பட்டுவிட்டது. 1946-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு குடும்பம் தன்னிடம் சொன்னதை வெளியிடலாகாது என்று அப்பணியாளரைக் கட்டுப்படுத்தியது. அமானிதம் என்று நாம் மிம்பரில் சொல்வதை அவர்கள் சட்டமாக்கினார்கள். நம் பிள்ளைகள் அங்கே அந்தப் பெண்மணியிடம் மனம் திறந்து பேசுகிறார்கள்; இங்கே அவர்களுடைய உம்மாமாருக்குப் பேச ஆளில்லை.

சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அது பாதிரிமார் கொண்டுவந்த படிப்பல்லவா?” என்கிறார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரி 1936-இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளையின் பொருளுதவியால் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் தலைவராக இருந்த கிளிஃபோர்டு மான்ஷர்ட் என்பவர் அமெரிக்கப் பாதிரியார்தாம். அதற்கு முன் அவர் பணியாற்றிய இடம் எது? நாக்பாடா. பம்பாயில் நம்மவர் நெருக்கமாக வாழும் பகுதி! அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து நம் தெருவில் அமர்ந்து நம் வறுமையைக் கற்றார். நாம் நம் தெருவிலேயே பிறந்தும் கற்கவில்லை. வெட்கப்பட வேண்டியது அவரா? சென்னையில் 1952-இல் சமூகப்பணிக் கல்லூரியை நிறுவிய மேரி கிளப்வாலா ஜாதவ் பார்ஸிக் குடும்பத்தில் பிறந்தவர். விரல் விட்டு எண்ணத்தக்க அச்சமூகம் இதற்கு ஒரு கல்லூரி கண்டது. டமாஸ்கஸில் உடைந்த பாத்திரத்திற்காகவும் ஒரு வக்ஃபு இருந்ததை இப்னு பதூதா எழுதியிருக்கிறார்: எஜமானின் சீனக் கோப்பையை உடைத்துவிட்ட சிறுவன் அடிபடாதிருக்க, அந்த வக்ஃபு வேறு கோப்பை வாங்கிக் கொடுத்தது. ஒரு சிறுவனின் அச்சத்தையும் கணக்கில் எடுத்த அறிவு அது. அதற்கு வாரிசுகள் என்று மேடையில் முழங்குகிறோம்.

அறியாமல் செய்யும் இரக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஏர்வாடியை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலை, அங்கே தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். ஓடுவதற்குக் கால் இருந்தது, அவிழ்ப்பதற்கு ஆள் இல்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பத்தார் கொடியவர்களா? அல்லர். நம்பிக்கையோடும் கண்ணீரோடும் கொண்டுவந்தவர்கள். இது நோய், இதற்கு மருந்துண்டு, மருந்தோடு துஆவும் கேட்கலாம் என்று அவர்களுடைய மொழியில், அவர்களுடைய ஸலாமோடு சொல்ல ஒருவர் இருந்ததில்லை. குஜராத்தில் உனாவா மீரா தாத்தார் தர்காவில் 2008-ஆம் ஆண்டு ‘தவா – துஆ’ என்னும் திட்டம் தொடங்கி, முஜாவர்களுக்கே பயிற்சி அளித்து, வருவோரை மருத்துவரிடமும் அனுப்பி வைத்தார்கள். பின்னர் அம்முறை ஏர்வாடிக்கும் வந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை அறவே தடை செய்துவிட்டது. மனநலச் சமூகப்பணியாளர் என்று அச்சட்டம் ஏற்பவர், சமூகப்பணியில் முதுகலைப் பட்டமும் அதன்மேல் ஈராண்டுத் தனிப் பயிற்சியும் பெற்றவர். நாகூர் நமக்குக் கூப்பிடு தூரம். அத்தகைய ஒருவர் நம் ஊர்களில் எத்தனை தர்காக்களின் வாயிலில் இருக்கிறார்?

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கியபோது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு உணவளித்துப் புகலளித்ததை நாடே புகழ்ந்தது. காரைக்கால் கரையிலும் ஏறத்தாழ 500 உயிர்கள் போயின. நம் இளைஞர்களும் ஓடினார்கள், தூக்கினார்கள், அடக்கினார்கள். அதில் எனக்குப் பெருமையுண்டு. ஆனால் நாற்பதாம் நாளுக்குப் பின்? தூங்க முடியாத தாயிடமும், கடலைப் பார்க்க மறுத்த சிறுவனிடமும் போய் அமரத் தெரிந்தவர்கள் வேறு. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் அதற்கென்றே உள்ளூர்த் தொண்டர்களைப் பயிற்றினார்கள். சோறாக்கத் தெரிந்த அளவுக்கு இதுவும் நமக்குத் தெரிந்திருக்கலாம்.

இனிப் பெண்பிள்ளைகள். என்னிடம் மக்தபில் ஓதிய ஒரு பெண், பட்டப்படிப்பை முடித்து இப்படிப்பில் சேர விரும்புகிறார். வெளிநாட்டிலிருக்கும் அவருடைய வாப்பா தொலைபேசியில் என்னை அழைத்து, “ஹஜரத், நீங்கள் சொன்னால் கேட்பாள், வேண்டாமென்று சொல்லுங்கள். கண்ட தெருவிலும் கண்ட ஆஸ்பத்திரியிலும் அலைகிற படிப்பாம்” என்றார். அவருக்கு அன்று சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். தம்பி, ஆண்கள் கடல் கடந்து வாழும் ஊர் இது. பாதி வீடுகளில் ஆண் பணியாளர் திண்ணையைத் தாண்டி உள்ளே போக இயலாது. இத்தாவிலிருக்கும் பெண்ணிடமும், குலா கேட்கத் தயங்கும் பெண்ணிடமும் யார் போய் அமர்வது? நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் முற்றத்தில் ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரம் இருந்தது. காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களை அங்கேதான் வைத்தார்கள். அந்த அம்மையார் மருந்திட்டதோடு நில்லாமல், ஆதரவற்றோருக்குப் பணிபுரிவதையே தம் பொறுப்பாக ஏற்றிருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பள்ளிவாசலிலேயே இடம் கிடைத்த பணிக்கு உங்கள் வீட்டில் இடமில்லையா?

ஒரு குறையை எதிர்த் தரப்பார் சொன்னால் ஒப்புக்கொள்வேன். இப்படிப்பை முடித்தவர்களில் பலர் ஏழையின் வாசலுக்குப் போவதில்லை. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் கொண்ட ஆலைகளில் நல அலுவலர் வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது முதல், ஆள்வளத் துறையின் குளிர்ந்த அறைகளே அவர்களை ஈர்த்துவருகின்றன. பாடநூல்களும் பெரும்பாலும் அமெரிக்கச் சரக்கு. மஹர் என்றால் என்ன, வாரிசுப் பங்கு எப்படிப் பிரியும் என்று அவற்றில் இராது. முதற்குறைக்குக் காரணம் மாணவர்கள் மட்டுமல்லர். பட்டம் பெற்று ஊர் திரும்பினால் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள எந்த ஜமாஅத் முன்வந்தது? இரண்டாவதற்கு மருந்து எங்கள் கையில் இருக்கிறது. ஆலிம் பட்டம் பெற்றவர் கல்லூரிப் பட்டமும் முடித்து இப்படிப்புக்குச் சென்றால், புத்தகத்தில் இல்லாததை அவர் கொண்டு செல்வார்.

அநாதை நிலையங்கள் நடத்துவோருக்கு இது கட்டாயமாகவும் ஆகிவிட்டது. 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி குழந்தைகள் இல்லங்கள் பதிவு பெற வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுதி வைக்க வேண்டும். அதிகாரி வந்து கோப்பு கேட்கும்போது, சோறு போட்டோம் என்று சொல்வது விடையாகாது.

ஆகவே நம் பகுதி ஜமாஅத்துகள் ஒன்றுகூடி, ஆண்டுதோறும் ஓர் ஆண், ஒரு பெண் என இருவரைத் தேர்ந்து இப்படிப்புக்கு அனுப்பட்டும். காரைக்காலிலிருந்து புதுவைப் பல்கலைக்கழகத்திற்குச் செல்லலாம்; திருச்சியிலும் சென்னையிலும் பழைய கல்லூரிகள் உண்டு; வீட்டை விட்டு அகல இயலாதவர் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியே படிக்கலாம், அதிலும் களப்பணி கட்டாயம். அரசுப் பல்கலைக்கழகத்தில் இருவருக்காகும் செலவு, நம் ஊர் நடுத்தரத் திருமணம் ஒன்றின் ஒரு வேளை பிரியாணிச் செலவில் அடங்கிவிடும் என்றே எண்ணுகிறேன். படித்து வந்தபின் மூன்றாண்டு ஊரில் பணியாற்ற வேண்டும். அதற்கு இமாமுக்குக் கொடுப்பதற்குக் குறையாத ஊதியம் வேண்டும் (இமாமுக்கே நாம் கொடுப்பது எவ்வளவு என்பது வேறு கதை). பள்ளிவாசலை ஒட்டி, கதவு சாத்திப் பேசத்தக்க ஓர் அறை வேண்டும். அந்த அறையில் எழுதப்படும் ஏட்டைப் பார்க்கும் உரிமை, தலைவர் செயலாளர் உட்பட, நிர்வாகிகள் எவருக்கும் இல்லை என்று தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும். புதுவையில் சேரப் பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டியிருப்பதால், கோடைக்கு வெகு முன்பே விண்ணப்பித்தாக வேண்டும். இருவர் பெயரையும் அதற்குள் முடிவு செய்துவிடுவது நல்லது.