மாடியில் ஒரு கள்ளி

"கள்ளியைப் போய்க் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறாயே, அம்மா!" என்றார் என் மாமியார், நான் ஆட்டோவிலிருந்து தொட்டியை இறக்கி வைத்ததும்.

நான் சிரித்து மழுப்பினேன். கள்ளி என்றால் வேலியோரம் நிற்பது. இதுவோ விரல் நீள இலையும், கொத்துக் கொத்தாக ரோஜா நிறப் பூவுமாகச் சிங்காரித்துக்கொண்டு நின்றது. நாற்றுப் பண்ணைக்காரர் 'யூபோர்பியா' என்று சொல்லித்தான் விற்றார். அத்தைக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஆறே மாதத்தில் அத்தை சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்துவிட்டது. அந்தக் கதைக்கு முன்னால் செடியின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இதன் பிறந்தகம் மடகாஸ்கர் தீவு. அங்கே பாறை இடுக்கில் வளர்வது 'மிலி': மெல்லிய தண்டு, சின்ன இலை, உடம்பெல்லாம் முள். 1821-ல் அதைப் பிரான்ஸுக்குக் கொண்டு சேர்த்தவர் பக்கத்து ரீயூனியன் தீவின் கவர்னராக இருந்த மிலியஸ் பிரபு, பெயரும் அவருடையதுதான். அதே மடகாஸ்கரில் ஈரமான காட்டில் வளரும் பெரிய இலைக்காரிக்குப் பெயர் 'லோபோகோனா'. இந்த இரண்டையும் கலந்து உண்டாக்கிய ஒட்டுக் குலத்துக்கு 'லோமி' என்று பெயர். தாத்தா பெயரில் பாதி, பாட்டி பெயரில் பாதி எடுத்துப் பேரனுக்குச் சூட்டுகிறோமே, அப்படி! தாய்லாந்துக்காரர்கள் இதை மேலும் மேலும் கலந்து பெரிய பெரிய பூக்களாக்கினார்கள். அங்கே இதற்குப் 'பொய் சியன்' என்று பெயர். சீனர்களின் எட்டுச் சித்தர்களைக் குறிப்பது. ஒரு கொத்தில் எட்டுப் பூ பூத்தால் வீட்டுக்கு அதிர்ஷ்டமாம்.

பூ என்கிறேனே தவிர, நாம் பார்த்து மயங்கும் அந்த இரண்டு வண்ண இதழ்களும் இதழே அல்ல. போகன்வில்லாவில் இருப்பது போன்ற வர்ண இலைகள். அதனால்தான் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கின்றன. நடுவில் மிளகளவு ஒரு கிண்ணம் இருக்கிறது பாருங்கள், அதற்குள்தான் நிஜப் பூக்கள். பெண் பூ ஒன்றே ஒன்று. சுற்றிலும் ஆண் பூக்கள் பல. ஓர் ஆண் பூவுக்கு ஒரே ஒரு மகரந்தத் தாள், அவ்வளவுதான் சொத்து! காய் மூன்று அறை உள்ளது. காய்ந்தால் படாரென்று வெடித்து விதையைத் தூர எறியும். ஆனால் விதை போட்டு முளைக்கும் பிள்ளை தாயைப் போல இருக்காது. எந்த நிறம் வருமோ, யார் கண்டது? அதே பூ வேண்டுமானால் கிளையை வெட்டித்தான் நட வேண்டும்.

இனி என் கதை. கோடையில் இலைகள் உதிர்ந்தன. பாவம், தாகம் போலிருக்கிறது என்று காலையும் மாலையும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். இலை இன்னும் உதிர்ந்தது, இன்னும் ஊற்றினேன். உண்மையில், தண்ணீர் குறைந்தால் இலையை உதிர்த்துவிட்டுத் தண்டிலுள்ள சேமிப்பைக் கொண்டு காலம் தள்ளுவது இதன் சுபாவம். தண்ணீர் மிதமிஞ்சி வேர் அழுகினாலும் இலை உதிரும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய, முள்ளுக்கு நடுவே தண்டை மெல்ல அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பிழைத்திருக்கிறது. என்னுடையது வேகவைத்த சேப்பங்கிழங்கு மாதிரி அமுங்கியது.

நுனிக் கிளைகளையாவது காப்பாற்றலாம் என்று கத்தியை எடுத்தேன். முள் குத்தாமல் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டவர் அத்தை. வெட்டியதும் பால் தெறித்தது. ஒரு துளி அவர் கண்ணில்.

குழாயடியில் உட்காரவைத்துக் கால் மணி நேரம் கண்ணைக் கழுவினேன். இருந்தும் மாலைக்குள் கண் சிவந்து வீங்கி, வெளிச்சமே பார்க்க முடியவில்லை. கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். கருவிழியே புண்ணாகக்கூடிய பால் இது, உடனே கழுவியது நல்லதாயிற்று என்றார். ஒரு வாரம் அத்தைக்குப் பார்வை மங்கலாகத்தான் இருந்தது. அந்த ஒரு வாரமும் அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

ஆகவே, வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அவசியம். பால் கையில் பட்டால் காயும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். தவழும் குழந்தைக்கும் நாய்க்குட்டிக்கும் எட்டாத இடத்தில் தொட்டியை வையுங்கள். முள்ளுக்குத்தான் எல்லாரும் பயப்படுகிறோம். முள் வெறும் காவல்காரன்.

வெட்டிய கிளை நான்கு அங்குலம் போதும். வெட்டு வாயைத் தண்ணீரில் முக்கினால் பால் நிற்கும். நிழலில் ஒரு வாரம் காயவைத்து, பிறகு நடவேண்டும். செம்மண்ணுடன் பருமணலும் செங்கல் பொடியும் கலந்து, அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் வையுங்கள். விரலை மண்ணில் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அரை நாள் வெயில் இல்லாவிட்டால் பூக்காது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

அன்று வெட்டிய மூன்று கிளைகளில் ஒன்று பிழைத்தது. செடியைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று நானே கேட்டேன். "அது என்ன செய்யும், அதன் குணம் அது" என்றார் அத்தை. எட்டுப் பூ விஷயத்தை என்றோ அவரிடம் சொல்லித் தொலைத்திருந்தேன். இப்போது காலையில் காப்பி ஆனதும் மாடிக்குப் போய் எண்ணிவிட்டு வருகிறார். நேற்று ஒரு கொத்தில் ஆறு விரிந்திருந்ததாம், இரண்டு மொக்கு.