வானொலி நாடகத்தை மாணவர்களே எழுதட்டும்

நீலகிரி மாவட்டத் தமிழாசிரியர்களாகிய எங்கள் நிலைப்பாடு: ஆறாம் வகுப்பிலிருந்து, பருவத்துக்கு ஒரு வானொலி நாடகத்தையாவது மாணவர்களே எழுதி, நடித்து, பதிவு செய்ய வேண்டும். ஆண்டு விழாவுக்காக அல்ல, தமிழ்ப் பாடவேளையிலேயே.

மேடை நாடகம் போதாதா என்று கேட்கிறார்கள். மேடை என்றால் ஒப்பனை, வாடகை உடை, நன்றாகப் பேசும் நாலு பேருக்கு மட்டும் வேஷம். பள்ளிக்கு வரும் வழியில் காட்டெருமை மறித்ததை மேடையில் எப்படிக் காட்டுவது? ஒலியில் ஒரு பெருமூச்சும் குச்சி முறியும் சத்தமும் போதும். 1924இல் பிபிசிக்காக ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய வானொலி நாடகம் விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நடக்கிறது. பாத்திரங்களுக்கும் கேட்பவருக்கும் ஒரே இருட்டு. மேகமூட்டத்தில் எதிரே வருபவரைக் குரலை வைத்தே கண்டுகொள்ளும் குன்னூர்ப் பிள்ளைக்கு இந்த உத்தியை விளக்க வேண்டியதில்லை.

வசனம் செந்தமிழில்தான் இருக்க வேண்டும் என்பதை நாங்கள் ஏற்கவில்லை. படுகர் ஊரான ஹட்டியில் வளரும் பிள்ளையின் நாடகத்தில் பாட்டி படுகில் பேசினால்தான் அவர் பாட்டி. அதைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். கேட்பவருக்குப் புரியாத இடத்தை அடுத்தவரின் பதிலால் புரியவைப்பது கட்டுரைப் பயிற்சியில் கிடைக்காத பாடம். இருளர், குறும்பர், பணியர் பிள்ளைகளுக்கும் இதே உரிமை உண்டு. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில், இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த முதியோர் இருக்கிறார்கள். சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ வானொலி நாடகம் நினைவிருக்கிறதா என்று அவர்களிடம் கேட்டு வருவதே முதல் வீட்டுப்பாடமாகட்டும்.

நேரமில்லை என்ற வாதம் எங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கென்றே மதிப்பெண் இருக்கிறது; அதைப் படம் ஒட்டிய ஆல்பங்களுக்குக் கொடுத்துத் தீர்க்கிறோம்! கருவிக்கு ஆசிரியரின் கைபேசி போதும். தகரக் கூரையில் மழை கொட்டும் நாளில் பதிவு நடக்காது. அன்று மழையையே கதைக்குள் எழுதச் சொல்லலாம்.

ஆசிரியர் வசனம் எழுதித் தரக் கூடாது. திருத்தம் கேள்வியாக மட்டும் இருக்கட்டும். குடிக்கும் அப்பாவும் கூலிப் பிடித்தமும் நாடகத்துக்குள் வரத்தான் செய்யும். வரட்டும். உண்மையான ஆள் பெயரும் தோட்டப் பெயரும் மட்டும் வேண்டாம். பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பதிவும் வகுப்பறையைத் தாண்டக் கூடாது.

சம்மதம் கிடைத்த நாடகங்களுக்கு உதகை அகில இந்திய வானொலியும் கோத்தகிரியின் சமுதாய வானொலியும் வாரம் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று கோருகிறோம். தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளில் எல்லோரும் வேலை முடிந்து திரும்பியிருக்கும் மாலை நேரமாக அது இருக்க வேண்டும்.