எரு வாங்கும் முன் தீனியைக் கேளுங்கள்

போன மாசியில் எங்கள் தென்னந்தோப்புக்கு ஒரு லோடு கோழி எரு பேசியிருந்தேன். கொண்டுவந்த டிரைவர் தம்பியிடம், "இந்தக் கோழிகளுக்கு என்ன தீனி போட்டாங்க?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "ஏனுங்கய்யா, எரு தென்னைக்குத்தானுங்க? கோழி எதைத் தின்னா நமக்கென்னங்க?" என்றார். பண்ணைக்காரருக்கு போன் போட்டேன். "கம்பெனி மூட்டை அனுப்புதுங்க, நாங்க கொட்டறோம். உள்ள என்ன கலந்திருக்குதுன்னு எங்களுக்கும் தெரியாதுங்க" என்றார். லோடைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வண்டி வாடகை தண்டம். வீட்டில் திட்டும் விழுந்தது.

பண்ணைக்காரரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. 1990களில் வங்கியில் விவசாயக் கடன் பார்த்தபோது, பல்லடம், உடுமலைப் பக்கம் கறிக்கோழிக் கொட்டகைகளுக்குக் கடன் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். குஞ்சு, தீனி, மருந்து கம்பெனியுடையது. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. கிணறு வற்றிய காலத்தில் பல குடும்பங்களை அது காப்பாற்றியது என்பதும் உண்மை. திட்ட அறிக்கையில் நாங்கள் பார்த்தது ஒரே கணக்குத்தான்: எத்தனை கிலோ தீனிக்கு எத்தனை கிலோ கறி. அந்தத் தீனி கோழியின் வயிற்றில் என்ன செய்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சொந்தமாகப் பண்ணையம் பார்க்க வந்த பிறகுதான் படித்தேன்.

கோழிக்குப் பல் கிடையாது. கொத்தியது தீனிப்பையில் ஊறி அரைவைப்பைக்குப் போகிறது. கோழியைச் சுத்தம் செய்யும்போது மணலும் பொடிக்கல்லுமாக ஒரு கெட்டியான பை வருமே, அதுதான். பிறகு சிறுகுடல். அதன் முடிவில் இரண்டு குருட்டுக்குடல்கள். நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருப்பது அங்கேதான். செரிக்காமல் வரும் நாரை அவை நொதிக்கவைத்து அமிலங்களாக மாற்றுகின்றன. அதில் ஒன்றான பியூட்டிரிக் அமிலம் குடல் சுவருக்கே சாப்பாடு. அந்த அமிலங்கள் இருக்கும் இடத்தில் சால்மொனெல்லா போன்ற கெட்ட பாக்டீரியா எளிதில் பெருகாது.

தீனி மாறினால் இந்தக் குடித்தனமும் மாறும். முழுத் தானியமோ கொரகொரப்பாக உடைத்ததோ போட்டால் அரைவைப்பைக்கு வேலை இருக்கும்; அது வலுத்து, தீனியில் அமிலம் நன்றாகக் கலக்கும். நைசாக அரைத்த தீனியில் அந்த வேலை குறைவு. புரதம் அளவுக்கு மிஞ்சினால் செரிக்காத மிச்சம் கீழே இறங்கும். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு அது விருந்து. அது பெருகினால் குடல் புண்ணாகிக் கோழிகள் சாகும். மண்ணில் என்ன போடுகிறோமோ அதற்கேற்ற உயிர்தான் மண்ணில் வளரும் என்பது நமக்குத் தெரியும். குடலிலும் அதே கதைதான்.

1973இல் பின்லாந்தைச் சேர்ந்த நூர்மி, ரன்டாலா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், வளர்ந்த கோழியின் குடலில் இருந்த நுண்ணுயிர்களை அப்போதுதான் பொரித்த குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குஞ்சுகளைச் சால்மொனெல்லா எளிதில் பிடிக்கவில்லை. நம் அம்மாயிகள் குஞ்சுகளைத் தாயோடு சேர்த்துக் கூடையில் கவிழ்த்தபோது இதுதான் நடந்தது. தாயின் எச்சம் பட்ட மண்ணைக் கொத்தியே குஞ்சுக்கு நல்ல நுண்ணுயிர் சேர்ந்தது. இன்குபேட்டரில் பொரிக்கும் குஞ்சு தாயின் முகத்தையே பார்ப்பதில்லை. அந்தச் சொத்து கைக்கு வராமலே ஆயிரக்கணக்கான குஞ்சுகளோடு கொட்டகைக்குப் போகிறது.

அங்கேதான் ஆன்டிபயாடிக் நுழைகிறது. தீனியில் கொஞ்சம் கலந்தால் எடை கூடுகிறது என்று 1940களின் கடைசியில் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்ந்து கொடுத்தால் அந்த மருந்துக்குச் சாகாத பாக்டீரியாதான் மிஞ்சும். வளர்ச்சிக்காக இப்படிக் கலப்பதை 1986இல் ஸ்வீடனும், 2006 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் நிறுத்தின. வேறு மருந்து எதுவும் கேட்காத நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கொடுப்பது கோலிஸ்டின். அதைக் கோழிக்கும் கால்நடைக்கும் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டில் தடை வந்தது 2019 ஜூலையில்தான்.

நாம் வாங்கும் எரு எது? கொட்டகையில் பரப்பிய தென்னைநார்த் தூளும் அதில் விழுந்த எச்சமும்தான். தீனியில் மருந்து இருந்தால் அதில் ஒரு பகுதி எச்சத்தில் இறங்கும். மருந்துக்குச் சாகாத பாக்டீரியாவும் கூடவே வரும். ஒரு பக்கம் ஜீவாமிர்தம் கரைத்து ஊற்றி நுண்ணுயிர் வளர்க்கிறோம். மறுபக்கம் நுண்ணுயிரைக் கொல்லும் மருந்தைக் காசு கொடுத்து இறக்குகிறோம். இது என்ன கணக்கு?

"அப்படிப் பார்த்தா எருவுக்கு எங்கீங்க போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மாடு குறைந்துவிட்டது, எனக்கும் அதே கஷ்டம்தான். கோழி எருவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தீனியையும் மருந்தையும் கேட்டு வாங்குங்கள். வாங்கியதைப் பச்சையாகப் போடாதீர்கள். ஈரம் காட்டி, குவித்து, சூடு ஏறவிட்டு, புரட்டிப்போட்டு நன்றாக மக்கவிடுங்கள். கெடுதல் முழுவதும் போகாவிட்டாலும் பெருமளவு குறையும்.

நம் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். நாட்டுக்கோழிக்குக் கம்பெனித் தீனியைக் கொட்டிவிட்டு 'இயற்கைக் கோழி' என்று விற்பவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம், கீரை, கரையான், மேய ஒரு நிழல். இதில் வளரும் கோழி நாற்பது நாளில் இரண்டு கிலோ வராது; மாதக்கணக்கில் ஆகும். அந்த விலையை வாங்குபவரிடம் விளக்கிச் சொல்லி வாங்குவோம், பொய் சொல்லி வேண்டாம்.

தீனி மூட்டையில் கலந்திருக்கும் மருந்துகளின் பெயரைத் தமிழில் அச்சடிக்க வேண்டும் என்று நம் இயக்கம் கேட்க வேண்டும். வளர்க்கும் விவசாயிக்கே தெரியாத பொருள் நம் சோற்றுக்கும் மண்ணுக்கும் வரக் கூடாது.

போன வாரம் அந்த டிரைவர் தம்பியை வழியில் பார்த்தேன். "ஐயா, இப்ப இன்னும் ரெண்டு பேரு தீனி என்னன்னு கேக்கறாங்க" என்றார். பத்துப் பேர் கேட்டால் பண்ணைக்காரர் கம்பெனியைக் கேட்பார். நீங்களும் கேளுங்கள்.