சத்தம் எந்த பஸ் ஸ்டாண்டுல இறங்குச்சு?

நம்ம திருப்பூர்ல சத்தத்துக்கா பஞ்சம்? வீதிக்கு வீதி நிட்டிங் மெஷின், பவர் டேபிள். ‘கொஞ்ச நேரம் சத்தமில்லாம இருந்தா தேவலை’ன்னுதான் நாமெல்லாம் நினைப்போம். ஆனால், சத்தம் நின்றுபோனால் கம்ப்யூட்டரே நின்றுபோகிற மாணவர்களும் நம்மோடு படிக்கிறார்கள். பார்வையற்ற நண்பர்களைச் சொல்கிறேன்.

லினக்ஸில் அவர்களுக்குக் கை கொடுப்பது ‘ஓர்கா’ என்கிற ஸ்கிரீன் ரீடர். திரையில் இருப்பதை அப்படியே வாசித்துச் சொல்லும். இதை 2004-ல் ஆரம்பித்த மார்க் மல்கேஹியும் பார்வையற்றவர்தான். காசு கொடுத்து வாங்க வேண்டாம், இலவசம். எல்லாம் ஓகே. ஆனா, ஓர்கா பேசியும் ஹெட்போனில் எதுவுமே கேட்கலைன்னா?

நிறைய லேப்களில் இதற்குக் காரணம், ஒரு கம்ப்யூட்டருக்குள் இரண்டு சவுண்ட் கார்டு இருப்பதுதான்.

‘எங்க சிஸ்டத்துல ஒண்ணுதானே இருக்கு’ன்னு அவசரப்படாதீங்க. எண்ணிப் பாருங்க. ஹெட்போன் செருகுகிற பச்சை ஓட்டை மதர்போர்டு சவுண்ட் கார்டோடது. மானிட்டருக்குப் போகிற ஹெச்டிஎம்ஐ வயரும் சத்தத்தைக் கடத்தும். பல கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் அதைத் தனி சவுண்ட் கார்டாகவே எடுத்துக்கொள்ளும். யூஎஸ்பி ஹெட்செட் மாட்டினால் அது இன்னொரு கார்டு. மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும் சத்தம் பாட்டுக்கு அங்கே போய்விடும். நீங்க பழைய பஸ் ஸ்டாண்டுல காத்துக்கிட்டு நிற்க, மாமா புது பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்கின கதைதான்!

அந்தக் காலத்தில் இது நிஜமாகவே சண்டையாக இருந்தது. சவுண்ட் பிளாஸ்டர் கார்டு வழக்கமாக ஐஆர்க்யூ 5 கேட்கும். அதே நம்பரை இன்னொரு கார்டும் பிடித்துக்கொண்டால் இரண்டும் திணறும். பிசிஐ கார்டுகள் வந்த பிறகு நம்பரைப் பகிர்ந்துகொள்ள முடிந்தது, அந்தச் சண்டையும் ஓய்ந்தது. இப்போது இருப்பது வரிசைப் பிரச்னை. ‘அல்சா’ என்கிற லினக்ஸின் ஒலி அடுக்கு, பூட் ஆகும்போது முதலில் வந்த கார்டுக்கு 0, அடுத்ததுக்கு 1 என்று நம்பர் போடும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் 0 நம்பர்தான் டீஃபால்ட். டையிங்குக்குத் துணி அனுப்பும்போது ‘முதல்ல வந்த ரோல்’னு எழுதியா அனுப்புவோம்? பார்ட்டி பேர் எழுதித்தானே அனுப்புவோம். இங்கேயும் பேர்தான் முக்கியம்.

சரி, என்ன செய்யலாம்?

ஒண்ணு: டெர்மினலைத் திறந்து ‘ஏப்ளே’, ஒரு ஸ்பேஸ், ‘மைனஸ் எல்’ என்று அடிங்க. எல்லாமே சின்ன எழுத்து. எத்தனை கார்டு, என்னென்ன பேர் என்று பட்டியல் வரும்.

ரெண்டு: ‘அல்சாமிக்ஸர்’ ஓட்டுங்க. எஃப்6 அழுத்தினால் கார்டை மாற்றலாம். ஏதாவது பட்டைக்குக் கீழே ‘எம்எம்’ என்று இருந்தால் அது மியூட். ‘எம்’ கீயைத் தட்டினால் வாயைத் திறக்கும்.

மூணு: செட்டிங்ஸில் ‘சவுண்ட்’ பக்கம் போய், அவுட்புட்டில் சரியான கார்டைத் தேர்ந்தெடுங்க. பின்னணியில் இருக்கிற பல்ஸ்ஆடியோ அல்லது பைப்வயர் அதைப் பேரோடு ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

நமக்கு இது போதும். பார்வையற்ற நண்பருக்குப் போதாது. ஏன்னா, அந்த செட்டிங் உங்க யூசருக்கு மட்டும்தான். லாகின் ஸ்கிரீன் வேறொரு யூசரின் பெயரில் ஓடுகிறது. நீங்க உள்ளே போய் மாற்றினது அதற்குத் தெரியவே தெரியாது. நண்பர் பாஸ்வேர்டு அடிக்க வேண்டிய இடமே ஊமையாகக் கிடக்கும். சத்தமே வராதவர், சத்தத்தைச் சரிசெய்கிற செட்டிங்ஸ் பக்கத்தை எப்படித் தேடிப் போவார்?

அதனால் மெஷின் லெவலில் மாற்ற வேண்டும். ஸ்பீக்கர் இல்லாத மானிட்டரின் சவுண்ட் கார்டு யாருக்கும் தேவையில்லை, அதை டிரைவரிலேயே நிறுத்திவிடலாம். ‘எட்சி’ ஃபோல்டருக்குள் ‘மோட்ப்ரோப் டாட் டி’ என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதில் ‘டாட் கான்ஃப்’ என்று முடிகிற ஃபைலில் ஒரே ஒரு வரி: ‘ஆப்ஷன்ஸ்’, டிரைவர் பேர், பிறகு ‘எனேபிள்’ ஈக்வல் டு 0,1. ஒரே டிரைவரில் ஓடுகிற முதல் கார்டு வேண்டாம், இரண்டாவது போதும் என்று அர்த்தம். உங்க சிஸ்டத்தில் வரிசை வேறாக இருந்தால் 1,0. ரீபூட் செய்தால் யார் உட்கார்ந்தாலும், லாகின் ஸ்கிரீனிலும்கூட, அந்தக் கார்டு குறுக்கே வராது. ஒரு விஷயம், இதற்கு அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். லேப் சார்கிட்ட கேட்டு, அவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டே செய்யுங்க.

‘லினக்ஸை யாரு தொடுறாங்க’ன்னு கேட்காதீங்க பாஸ். தமிழக அரசு 2011-ல் விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் போட்டுத்தான் கொடுத்தது. அதை உருவாக்கியது சென்னை சி-டாக்.

இந்த வாரம் லேபுக்குப் போனா ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. க்னோம் டெஸ்க்டாப் இருக்கிற சிஸ்டத்தில் ஹெட்போனை மாட்டி, லாகின் ஸ்கிரீனிலேயே ஆல்ட், விண்டோஸ் கீ, எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்க. ஓர்கா பேச ஆரம்பிக்கணும். அப்புறம் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு லாகின் பண்ணுங்க. எத்தனை சிஸ்டத்துல உங்களால உள்ளே போக முடியுதுன்னு எண்ணி, அந்தக் கணக்கை லேப் சார்கிட்ட கொடுங்க.

அடுத்த வாரம் மீட் பண்ணலாமுங்க!