ஓடும் கார் திடீரென நிற்கிறதா? நின்ற விதமே காரணத்தைச் சொல்லும்!

கேள்வி: ''வீட்டில் 15 வருஷத்துக்கு மேற்பட்ட பழைய பெட்ரோல் கார் இருக்கிறது. ஓடும்போதே திடீரென நின்றுவிடுகிறது. உடனே ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் நன்றாக ஓடுகிறது. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்?''
- வாசகர், உளுந்தூர்பேட்டை.

பதில்: எந்தப் பாகத்தையும் உடனே மாற்ற வேண்டாம். வண்டி நின்ற நேரத்தில் என்ன நடந்தது என்பதைக் கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். தேவையில்லாத செலவும் மிச்சமாகும்.

பெட்ரோல் இன்ஜின் ஓட, எரிபொருள், தீப்பொறி, சரியான நேரத்தில் திறந்து மூடும் வால்வு ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றில் ஒன்று நின்றாலும் இன்ஜின் நின்றுவிடும்.

சுவிட்சை அணைத்ததுபோல சட்டென்று நின்றால், பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. விளக்கு, ஹாரனும் சேர்ந்து போனால் பேட்டரி டெர்மினல் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர் பக்கம் நிறுத்தும் வண்டிகளில் எலி வயரைக் கடித்திருக்கலாம்.

இழுவை குறைந்து, திக்கித் திணறி நின்றால் எரிபொருள் பக்கம் பார்க்க வேண்டும். ஃபில்டர் அடைப்பு, டேங்க்கில் தூசி, பம்ப் பழுது ஆகியவை காரணமாகலாம். எலெக்ட்ரிக் பம்ப் உள்ள காரில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் 'ஆன்' செய்தால், பின்பக்கம் டேங்க் இருக்கும் இடத்தில் இரண்டு விநாடி 'ங்ங்' என்று சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், ரிலே, பிறகுதான் பம்ப்.

ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, லேசாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மீண்டும் மீண்டும் முயன்றால் சில இன்ஜின்களில் வால்வு வளைந்து செலவு பல மடங்காகும். கட்டி இழுத்துச் செல்வதே நல்லது.

ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆவது உங்கள் வண்டியின் முக்கிய அடையாளம். இக்னிஷன் காயில், கிராங்க் சென்சார், பெட்ரோல் பம்ப் ஆகியவை பழசானால் சூட்டில் செயலிழந்து, ஆறியதும் வேலை செய்யும். அதனால்தான் மெக்கானிக்கிடம் போகும்போது கோளாறு தெரிவதில்லை. வண்டியை அவரிடம் விட்டு, சூடாகி நிற்கும்வரை ஓட்டச் சொல்லுங்கள். நின்ற உடனே தீப்பொறியையும் பெட்ரோல் அழுத்தத்தையும் சோதித்தால் குற்றவாளி பிடிபடும். சூட்டு முள் மேலே ஏறியிருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கோளாறு சரியாகும்வரை சென்னை-திருச்சி நான்குவழிச் சாலை, சேலம் சாலை போன்ற வேகச் சாலைகளில் இந்த வண்டியை எடுக்காதீர்கள். நோயாளியை அழைத்துச் செல்ல இதை நம்ப வேண்டாம். ஓடும்போது நின்றுவிட்டால் பிரேக்கும் பவர் ஸ்டீயரிங்கும் கெட்டியாகும்; ஆனாலும் வேலை செய்யும். சாவியை எடுத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக்கை அழுத்தி மிதித்து, இடதுபுற ஓரத்துக்குக் கொண்டுபோய், நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். வண்டிக்குள் உட்காராமல் எல்லோரும் சாலையைவிட்டுத் தள்ளி நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண்: 1033.

நிற்கும் ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்படி நின்றது, எவ்வளவு நேரத்தில் ஸ்டார்ட் ஆனது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மெக்கானிக்குக் கைகொடுப்பது அந்தக் குறிப்புதான்.