பருந்தைப் படம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு

1995 ஒக்ரோபர் 30 இரவு நாம் கொக்குவிலை விட்டு வெளியேறினோம். ஒக்ரோபரையொட்டித்தான் ஆண்டுதோறும் மத்திய ஆசியாவிலிருந்து பூனைப் பருந்துகள் நம் குடாநாட்டுக்கு வருகின்றன. செம்பருந்தை எல்லோரும் அறிவர். வயலின்மேல் தாழப் பறந்து எலி, ஓணான், வெட்டுக்கிளி பிடிக்கும் பூனைப் பருந்தைச் சிலரே அறிவர்.

இவற்றைத் தேடிக் கமெராவுடன் அலையும் நம் பிள்ளைகளை வீண்பொழுது போக்குவோர் என்று நாம் ஏசமாட்டோம். இடமும் திகதியும் எழுதிய ஒவ்வொரு படமும் நம் நிலத்துக்கு ஒரு சாட்சி.

ஆனால் ஒன்று. இப்பறவைகள் இரவில் புல்வெளியிலே, நிலத்திலேயே தங்குகின்றன. படத்துக்காக அங்கே நெருங்கி அவற்றைக் கலைக்கலாகாது. இருந்த இடத்திலிருந்து இரவோடிரவாக எழும்பி ஓடுவது என்னவென்று நமக்குத் தெரியும். பறக்கும் வழியை முதிய கமக்காரரிடம் கேட்டு, வரம்போரம் ஒதுங்கிக் காத்திருங்கள்.